கொடைரோட்டு வீட்டுக்கு ஆள் வேண்டும்

பெங்களூரு
9.6.2024

கௌசல்யா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் விண்ணப்பத்தை ஜீவிதா அனுப்பிவைத்தாள். அவள் என் பழைய மாணவி. நீங்கள் வேலை பார்த்த மில்லில் ஆபீசில் இருக்கிறாள். உங்களைப் பற்றி அவள் சொன்னது எல்லாமே நல்ல விதமாகத்தான் இருந்தது. இருந்தாலும் நானே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதுகிறேன்.

நான் திண்டுக்கல்லில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கணவர் இறந்த பிறகு மகன் பிரிட்டோவுடன் இங்கே இருக்கிறேன். கொடைரோடு ஸ்டேஷனிலிருந்து கொஞ்ச தூரத்தில், தென்னந்தோப்புக்குள் எங்கள் வீடு இருக்கிறது. என் கணவர், சார், ஆசைப்பட்டுக் கட்டியது. பூட்டியே கிடந்தால் பாழாகிவிடும் என்று பிரிட்டோ அதை ஹோம்ஸ்டே ஆக்கிவிட்டான். கொடைக்கானல் போகிறவர்கள் ஒரு நாள், இரண்டு நாள் தங்கிவிட்டுப் போவார்கள். புக்கிங் எல்லாம் அவன் இங்கிருந்தே பார்த்துக்கொள்வான். அங்கேயே தங்கி வீட்டையும் வருகிறவர்களையும் கவனிக்க ஒரு மேனேஜர் வேண்டும்.

முன்பு சோலைமலை என்று ஒருவர் இருந்தார். கெட்டவர் இல்லை. ஆனால் யார் வந்தாலும் சாவியைக் கையில் கொடுத்துவிட்டுப் படுத்துவிடுவார். ஒரு முறை நான் சொல்லாமல் போய் இறங்கினேன். ஹாலில் சீட்டாட்டம். மாதா படத்துக்குக் கீழே பிராந்தி பாட்டில். அன்றைக்கே அவரை அனுப்பிவிட்டேன்.

எனக்குக் காது மந்தம். போனில் பேசினால் பாதிதான் விளங்கும். அவசரம் என்றால் வாட்ஸ்அப்பில் எழுதுங்கள். மற்றதை எல்லாம் கடிதமாகவே எழுதவேண்டும். என் பழைய பழக்கம் அது, மன்னிக்கவும்.

நீங்கள் மில்லை ஏன் விட்டீர்கள்? முன்பின் தெரியாதவர்கள் வந்துபோகிற தனி வீட்டில் ஒரு பெண்ணாக எப்படிச் சமாளிப்பீர்கள்? இந்த இரண்டுக்கும் பதில் எழுதுங்கள்.

சகாயசெல்வி


வேடசந்தூர்
15.6.2024

மதிப்பிற்குரிய டீச்சருக்கு,

வணக்கம். நான் கடிதம் எழுதி எத்தனையோ வருசம் ஆகிறது. பிழை இருந்தால் சிவப்பு மை போட்டுவிடாதீர்கள்.

மில்லை நான் விடவில்லை. வடக்கே இருந்து ஆட்கள் வேலைக்கு வந்த பிறகு பெண்கள் ஹாஸ்டலையே மூடிவிட்டார்கள். ஹாஸ்டல் இல்லாமல் வார்டன் எதற்கு? பதினோரு வருட சர்வீசுக்கு ஒரு புடவையும் ஒரு குக்கரும் கொடுத்து அனுப்பினார்கள். எனக்கு ஒரே மகள், நந்தினி. திண்டுக்கல்லில் நர்சிங் படிக்கிறாள். அவள் அப்பா எங்களோடு இல்லை. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். வயசுப் பிள்ளைகள் நூறு பேருக்கு மேல் இருந்த ஹாஸ்டல் அது, டீச்சர். எவன் எந்தப் பிள்ளைக்காக எந்த டீக்கடையில் நிற்கிறான் என்பது எனக்குத் தெரியும். ஷிஃப்ட் முடிந்து மில் பஸ்ஸில் ஏறின பிள்ளை ஹாஸ்டல் வாசலில் இறங்கவில்லை என்றால் அடுத்த நிமிசம் நான் பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். திருப்பூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிள்ளைகளைக் கையைப் பிடித்து இறக்கியிருக்கிறேன். உடனே வீட்டுக்குப் போன் போடுவேன். மறுநாளே அப்பனோ அண்ணனோ வந்துவிடுவான். இரண்டு அடி அடிப்பார்கள், நாலு வார்த்தை பேசுவார்கள், கூட்டிக்கொண்டு போவார்கள். கொஞ்ச நாளில் கல்யாணப் பத்திரிகை வரும். அப்படிப் போன ஒருத்தி போன வருசம் கைக்குழந்தையோடு என்னைத் தேடி வந்தாள். திட்டத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். பூவும் பழமும் வாங்கிவந்திருந்தாள்.

அதனால் எனக்குப் பயம் ஒன்றும் இல்லை. சமையலும் செய்வேன். குழம்பு, வெஞ்சனம் எதுவும் குறை சொல்லும்படி இருக்காது.

கௌசல்யா


பெங்களூரு
22.6.2024

கௌசல்யா அவர்களுக்கு,

வேலை உங்களுக்குத்தான். உங்கள் கடிதத்தில் ஹாஸ்டல் பற்றி எழுதிய பகுதியைப் பிரிட்டோவுக்குப் படித்துக் காட்டினேன். "சரியான ஆளைப் பிடிச்சிட்டம்மா" என்றான். சம்பளம் ஜீவிதாவிடம் சொன்னபடியே. பின்பக்க அறையில் தங்கிக்கொள்ளலாம். நந்தினி லீவுக்கு வந்தாலும் தாராளமாக இருக்கட்டும்.

ஆதார் பார்க்காமல் யாருக்கும் சாவி கொடுக்கக் கூடாது. குடித்துவிட்டு வெளியே வந்து ஆடுகிறவர்களுக்கு மறுநாள் இடம் இல்லை. கல்யாணம் ஆகாத ஜோடிகளைச் சேர்க்காதீர்கள். சட்டத்தில் அப்படி ஒன்றும் இல்லை என்று பிரிட்டோ சிரிக்கிறான். வீடு என் பேரில் இருக்கிறது. அந்தச் சுவரில் சார் படம் தொங்குகிறது. நாளைக்கு ஊர்க்காரர்கள் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது. சந்தேகமாக யாராவது வந்தால் ஹாஸ்டலில் எப்படிச் செய்தீர்களோ அப்படியே செய்யுங்கள்.

சாவி பக்கத்துத் தோப்பு நாச்சிமுத்துவிடம் இருக்கிறது.

சகாயசெல்வி


கொடைரோடு
3.9.2024

டீச்சருக்கு,

வீடு நன்றாக இருக்கிறது. மாடித் தண்ணீர்த் தொட்டியில் இருந்த கசிவை அடைத்துவிட்டேன். சார் படத்துக்குத் தினமும் பூ வைக்கிறேன். மாதாவுக்கும்தான். எனக்கு எல்லாச் சாமியும் ஒன்று.

ஆவணி முகூர்த்தங்களுக்கு வந்தவர்களால் இடம் நிறைந்தே இருந்தது. மதுரையிலிருந்து ஒரு குடும்பம், ரஃபியா என்று ஒரு அம்மா, அவர்களே அடுப்பைப் பிடித்துக்கொண்டு பிரியாணி செய்து எனக்கும் ஒரு சட்டி கொடுத்தார்கள். கோயம்புத்தூர்ப் பையன்கள் நாலு பேர் வந்து மோட்டார் ரூம் மேலே ஏறி உட்கார்ந்து பாட்டில் திறந்தார்கள். ஏணியை எடுத்துவிட்டேன். "அக்கா, அக்கா" என்று கெஞ்சினார்கள். "பாட்டிலைக் கீழ போடுங்கப்பு, ஏணி தாரேன்" என்றேன். போகும்போது அவர்களே ஐந்து ஸ்டார் கொடுத்துவிட்டுப் போனார்களாம். பிரிட்டோ தம்பி சொன்னார்.

நந்தினி இரண்டு ஞாயிறு வந்திருந்தாள். கிணற்று மேட்டில் உட்கார்ந்து படித்தாள். "அம்மா, நீ இங்க வந்தப்பறம்தான் சிரிக்கிற" என்றாள். மில்லில் நான் சிரித்ததே இல்லையாம்.

கௌசல்யா


பெங்களூரு
12.9.2024

அன்புள்ள கௌசல்யா,

இனி உன்னை நீ என்றே எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே. ஏணிக் கதையைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். மருமகள் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தாள்.

பிரிட்டோ இணையத்தில் நம் வீட்டுக்கான பக்கத்தில் உன் படத்தைப் போட்டு, 'பெண் மேனேஜர், குடும்பத்துக்கு முழுப் பாதுகாப்பு' என்று எழுதியிருக்கிறான். அதைப் பார்த்துத்தான் நிறையப் பேர் வருகிறார்களாம். தீபாவளிக்குச் சம்பளத்தைக் கூட்டச் சொல்லியிருக்கிறேன்.

இங்கே எனக்குப் பேச ஆள் இல்லை. உன் கடிதம் வந்தால் இரண்டு நாள் ஓடும்.

சகாயசெல்வி


கொடைரோடு
21.11.2024

டீச்சருக்கு,

வாட்ஸ்அப்பில் சுருக்கமாக எழுதினேன். முழுவதும் சொல்லவில்லை. எழுதினால் மனசு கொஞ்சம் ஆறுமா என்று பார்க்கிறேன்.

திங்கட்கிழமை மதியம் மழையோடு இரண்டு பேர் வந்தார்கள். பையன் பேர் அழகுராஜா, வத்தலக்குண்டுப் பக்கம். ஒட்டன்சத்திரத்தில் செல்போன் கடையில் வேலை. பிள்ளை பவதாரணி, பழனிப் பக்கம் ஒரு கிராமம். ஆதாரில் இருபது வயசு முடிந்திருந்தது. கழுத்தில் ஒன்றும் இல்லை. கையில் ஒரு பள்ளிக்கூடப் பை மட்டும்.

"கல்யாணம் ஆகிருச்சா?" என்று கேட்டேன். அந்தப் பையன் பொய் சொல்லவில்லை. "இல்லக்கா. நாளைக்குத் திண்டுக்கல்ல வக்கீலப் பாக்கப் போறோம். இன்னைக்கு ஒரு நாள் மட்டும் எடம் குடுங்க" என்றான். அந்தப் பிள்ளை என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டது: "அக்கா, இங்க யாரும் வரமாட்டாங்கல்லங்க?"

இரண்டு பேரையும் தனித்தனி அறையில் இருக்கச் சொல்லிவிட்டுத்தான் உங்களுக்கு எழுதினேன். 'பெண்ணின் வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடு, பெற்றவர்கள் தேடிக்கொண்டிருப்பார்கள்' என்று நீங்கள் பதில் போட்டீர்கள். எனக்கும் அதுதான் தோன்றியிருந்தது. ஹாஸ்டலில் இருந்த ஈஸ்வரி அந்த ஊர்க்காரி. அவளிடம் நம்பர் வாங்கி அந்தப் பிள்ளையின் அப்பாவிடம் பேசினேன். அவ்வளவு மரியாதையாகப் பேசினார் டீச்சர். "ரொம்ப நன்றிங்க. எங்க கொலசாமி மாதிரி சொன்னீங்க. நாங்க ஒண்ணும் பண்ண மாட்டோமுங்க. காலைல வந்து புள்ளையக் கூட்டிட்டுப் போயிருவோமுங்க. அது வரைக்கும் எப்படியாச்சும் புடிச்சு வெச்சிருங்க" என்றார்.

செவ்வாய்க்கிழமை காலையில் விடிந்ததும் அவர்கள் கிளம்பிவிட்டார்கள். பையை மாட்டிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டார்கள். நான்தான் நிறுத்தினேன். "வெறும் வயித்தோட போகாதீக. இட்லி வெந்துருச்சு. செத்த நேரம் உக்காருங்க" என்றேன். உட்கார்ந்தார்கள்.

இரண்டு கார் வந்தது. அப்பா இறங்கி எனக்குக் கும்பிடு போட்டார். அதற்குள் மற்றவர்கள் உள்ளே போய்விட்டார்கள். அந்தப் பையனைத் தட்டோடு சேர்த்துச் சுவரில் மோதினார்கள். கை முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. பிள்ளையை முடியைப் பிடித்து இழுத்தது அவள் சித்தப்பா. அவள் என் சேலையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, சொல்லுங்கக்கா, நான் வரமாட்டேன்னு சொல்லுங்கக்கா" என்றாள். நான் "அடிக்காதீக, அடிக்காதீக" என்று மட்டும் சொன்னேன். சேலையை அவள் கையிலிருந்து விடுவித்தது அவர்கள் இல்லை டீச்சர். நான்தான்.

நாச்சிமுத்து அந்தப் பையனை டிவிஎஸ்ஸில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

ஹாஸ்டலில் நான் கண்டது இப்படி இல்லை. அந்த அப்பன்கள் அழுதுகொண்டு வருவார்கள். இவர் அழவில்லை.

இன்னொன்று கேட்க வேண்டும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போனைப் பார்த்தேன். நீங்கள் அனுப்பிய வார்த்தை இல்லை. 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று இருக்கிறது. ஏன் டீச்சர்?

கௌசல்யா


பெங்களூரு
27.11.2024

கௌசல்யா,

நீ பயந்துபோயிருக்கிறாய். அது தெரிகிறது. நடந்தது வருத்தம்தான். ஆனால் பெண் அவள் வீட்டுக்குப் போய்விட்டாள். பெற்றவர்களுக்குக் கோபம் இருக்காதா? நாலு நாளில் தணிந்துவிடும். அந்தப் பையனின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஏதாவது வேண்டுமானால் சொல், அனுப்புகிறேன்.

செய்தியை நீக்கியது நான்தான். பிரிட்டோ சொன்னான். நாளைக்கு அடிதடி கேஸ் என்று ஆனால் போனைத்தான் முதலில் வாங்குவார்களாம். உனக்கு எதிராகச் செய்ததில்லை. நீயும் அதை யாரிடமும் சொல்லவேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை சென்னையிலிருந்து ஒரு குடும்பம் வருகிறது. ஹால் சுவரைப் பார்த்து ஒரு கோட் பெயின்ட் அடிக்கச் சொல். இந்தப் பேச்சை இதோடு விடு.

சகாயசெல்வி


கொடைரோடு
9.12.2024

டீச்சருக்கு,

அந்தப் பிள்ளை செத்துப்போய்விட்டது.

ஈஸ்வரி போன் செய்தாள். ஒன்றாம் தேதி சாயங்காலமாம். வயிற்று வலி தாங்காமல் பயிருக்கு அடிக்கிற மருந்தைக் குடித்துவிட்டாள் என்று ஊரில் சொல்கிறார்களாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை. பொழுது இருட்டுவதற்குள் எரித்துவிட்டார்கள். "அக்கா, வீட்டுக்கு வந்த நாள்ல இருந்து அவள வெளிய யாருமே பாக்கல" என்றாள் ஈஸ்வரி. பிறகு, "நம்பர் நான்தானக்கா குடுத்தேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

நேற்று அழகுராஜா வந்தான். இடது கை முழுக்க மாவுக்கட்டு. கேட்டுக்கு வெளியிலேயே நின்றான். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

"வீட்டுக்குச் சொன்னது நீங்கதானாக்கா?" என்றான்.

"ஆமாப்பா" என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். "எம்புட்டோ லாட்ஜு இருந்துச்சுக்கா. நான் கொடைரோட்டுல வேற எடம்தான் பாத்து வெச்சிருந்தேன். அவதான் உங்க போட்டோவக் காட்டி, பொம்பள மேனேஜர் இருக்காங்க, இங்கயே போவோம், பயம் இல்லன்னு சொன்னா" என்றான்.

நானும் கேட்டுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துவிட்டேன்.

அவன் புகார் கொடுத்திருக்கிறான். ஸ்டேஷனில், பிள்ளை தானாக விரும்பித்தான் வீட்டுக்குப் போனாள் என்று அவர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். அவனைத் தவிர, முடியைப் பிடித்து இழுத்துப்போனதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். நாச்சிமுத்து வந்ததே பிறகுதான். "நீங்க வந்து சொல்வீங்களாக்கா?" என்று கேட்டான். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நந்தினியிடமும் நடந்ததைச் சொன்னேன். முழுவதையும் கேட்டாள். அப்புறம், "நாளைக்கு நான் யாரோடயாச்சும் போனா, எவளாச்சும் இப்படி உனக்குப் போன் போடுவாள்லம்மா? அப்ப நீ என்ன பண்ணுவ?" என்றாள். கூட்டிக்கொண்டு வருவேன் என்று சொல்ல வந்தேன். சொல்லவில்லை. இந்த ஞாயிறு அவள் வரவில்லை.

ஸ்டேஷனில் கேட்டால் நீங்கள் சொன்னதையும் சொல்வேன் டீச்சர். முன்னாலேயே தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

கௌசல்யா


பெங்களூரு
16.12.2024

கௌசல்யா,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தப் பெண்ணுக்காகத் தினமும் செபிக்கிறேன். பூசைக்கும் கொடுத்திருக்கிறேன். அதை நீ நம்பவேண்டும்.

ஆனால் நீ செய்யப்போவது என்ன என்று யோசித்தாயா? செத்தவள் திரும்பிவரப் போவதில்லை. அந்த ஆட்கள் என்ன மாதிரி ஆட்கள் என்று நீயே பார்த்தாய். உனக்கும் வயசுக்கு வந்த மகள் இருக்கிறாள். கோர்ட்டில் சொல்லிவிட்டு அந்த மண்ணில் நீ எப்படி நடமாடுவாய்?

நான் முப்பது வருடத்துக்கு மேல் பெண் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவள். பிள்ளையைப் பற்றிப் பெற்றவர்களிடம் சொல் என்பது என் ரத்தத்தில் ஊறியது. பெற்றவர்களே இப்படிச் செய்வார்கள் என்று யாரால் நினைக்க முடியும்? என் மேல் என்ன தவறு? நீ என்னைக் கேட்டாய், நான் பதில் சொன்னேன். நீ கேட்காமலேயே அதைத்தான் செய்திருப்பாய். நம்பர் தேடியது நீ. பேசியது நீ. சாப்பாடு போட்டு உட்காரவைத்ததும் நீ. அப்படிச் செய் என்று நான் சொன்னேனா?

பிரிட்டோ வக்கீலைக் கேட்டுவிட்டான். நான் அப்படி எழுதியதற்கு எங்கேயும் எந்த ஆதாரமும் இல்லை. இந்த வயதில் ஸ்டேஷன் வாசலில் என்னை நிறுத்தாதே. மகனுடைய பேர் கெடும், சார் பேர் கெடும். கொஞ்ச நாள் நந்தினியோடு எங்காவது போய் இரு. சம்பளம் நிற்காது. அந்தப் பையனும் சின்னவன்தான், காலப்போக்கில் மறந்துவிடுவான்.

என்னை இப்படி எழுதவைத்துவிட்டாயே.

சகாயசெல்வி


கொடைரோடு
21.12.2024

டீச்சருக்கு,

சாவியை நாச்சிமுத்துவிடம் கொடுத்துவிட்டேன். கேஸ் சிலிண்டர் மூடியிருக்கிறது. மோட்டார் சுவிட்சையும் அணைத்துவிட்டேன்.

பெற்றவர்கள் இப்படிச் செய்வார்கள் என்று யாரால் நினைக்க முடியும் என்று எழுதியிருக்கிறீர்கள். நாம் இரண்டு பேரும் தினம் பேப்பர் படிக்கிறவர்கள்தான்.

நான் செய்தது என்று நீங்கள் எழுதிய எல்லாமே சரி. அதில் ஒன்றையும் நான் இல்லை என்று சொல்லப்போவதில்லை.

கௌசல்யா


பெங்களூரு
10.8.2025

அன்புள்ள கௌசல்யா,

எப்படி இருக்கிறாய்? ஜீவிதாவிடம் உன் விலாசம் வாங்கினேன். வேடசந்தூரில் ஒரு டெய்லர் கடையில் இருக்கிறாய் என்றாள். நந்தினி படிப்பை முடித்துவிட்டாளா?

நீ போன பிறகு மேனேஜராக இரண்டு பேரை வைத்துப் பார்த்துவிட்டேன். முதலில் பழனிக்குமார் என்று கேட்டரிங் படித்த பையன். நன்றாகத்தான் இருந்தான். ஊர்க்காரர்கள் நடந்ததை எல்லாம் சொல்லியிருக்கிறார்கள். அந்த வீட்டில் படுக்கமாட்டேன் என்று போய்விட்டான். அடுத்து வந்தவள் தன் சொந்தக்காரர்களையே குடிவைத்துவிட்டாள். இப்போது பூட்டித்தான் கிடக்கிறது. விற்றுவிடலாம் என்கிறான் பிரிட்டோ. எனக்கு மனசு வரவில்லை.

மார்ச்சில் போலீசார் இங்கே வந்து என்னிடம் கேட்டார்கள். நீ என் பேரைச் சொல்லியிருந்ததைச் சொன்னார்கள். பிரிட்டோவும் வக்கீலும் பக்கத்திலேயே இருந்தார்கள். எனக்கு நினைவில்லை என்று சொன்னேன். அதைத்தான் எழுதிக்கொண்டார்கள். கையெழுத்தும் போட்டேன். உன்னைப் பொய் என்று நான் சொல்லவில்லை, அதை நீ கவனிக்க வேண்டும். நினைவில்லை என்றுதான் சொன்னேன்.

கேஸ் ஓடட்டும். அது ஓடி முடிய வருசக் கணக்காகும். அதற்காக நாமும் நம் பிழைப்பை நிறுத்திவிட முடியுமா? நீ திரும்பி வா. பழைய சம்பளத்துக்கு மேல் பாதி சேர்த்துத் தருகிறேன். அந்த வீட்டை உன்னைப் போல் யாரும் பார்த்துக்கொண்டதில்லை. கல்யாணமாகாதவர்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதை எல்லாம் உன் விருப்பத்துக்கே விட்டுவிடுகிறேன். நான் ஒன்றும் கேட்கமாட்டேன்.

உன் கடிதம் இல்லாமல் இந்த வீட்டில் எனக்குப் பேச்சே நின்றுவிட்டது.

சகாயசெல்வி


வேடசந்தூர்
2.9.2025

டீச்சருக்கு,

உங்கள் கடிதம் வந்தது. போன வாரம் கோர்ட்டுக்குப் போய்வந்த பிறகு எழுதலாம் என்று வைத்திருந்தேன்.

முதலில் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் வரமாட்டேன். சம்பளத்துக்காக இல்லை. உங்கள் மேல் இருக்கிற கோபத்தாலும் இல்லை. கதவைத் தட்டி ஒருவர் வந்து நின்றால் அவர்களை என்ன செய்யவேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியவில்லை. அது தெரியாதவள் அந்த வேலைக்கு ஆகமாட்டாள். வேறு ஆளைப் பாருங்கள்.

நந்தினி பாஸ் செய்துவிட்டாள். மதுரையில் வேலை. வாரம் ஒரு முறை பேசுகிறாள். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா என்று கேட்பாள். தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டாள். நானும் கேட்பதில்லை.

மாஜிஸ்திரேட் முன்னால் நான் சொன்ன பிறகுதான் அந்த அப்பாவையும் சித்தப்பாவையும் பிடித்தார்கள். பிள்ளையை இழுத்துப்போனதற்கும் பையன் கையை உடைத்ததற்கும் மட்டும்தான் கேஸ். அவள் எப்படிச் செத்தாள் என்று சொல்ல உடம்பு இல்லை. எரித்துவிட்டார்கள் இல்லையா. இரண்டே மாசத்தில் ஜாமீனில் வந்துவிட்டார்கள். அழகுராஜா திருப்பூருக்குப் போய்விட்டான். வாய்தாவுக்கு வருவான். அந்தக் கை நேராக வராதாம். என்னைப் பார்த்தால் தலையை மட்டும் அசைப்பான்.

போன வாரம் கூண்டில் ஏறினேன். அவர்கள் பக்கத்து வக்கீல் கேட்டார்: "அப்பாவுக்குத் தகவல் கொடுத்தது நீங்கதானே? அவர் வர்ற வரைக்கும் பொண்ணப் புடிச்சு வெச்சதும் நீங்கதானே? அப்ப அவங்க செஞ்சது தப்புன்னு உங்களுக்கு எப்பத் தோணுச்சு?" கோர்ட்டில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். "அவ என் சேலையப் புடிச்சப்பத் தோணுச்சுங்கய்யா. தோணியும் விடுவிச்சேன்" என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்கள். நீங்கள் சொன்னீர்கள் என்பதையும் சொன்னேன். அது இனி உங்கள் பாடு.

வெளியே வந்தபோது அந்த அப்பா வராண்டாவில் நின்றார். அன்றைக்கு மாதிரியே கும்பிட்டார். "நீங்கதானுங்களே கூப்புட்டுச் சொன்னீங்க. நாங்க உங்களத் தெய்வமா நெனச்சோமுங்க. இப்ப இப்படி மாத்திப் பேசறீங்களே, நாயமுங்களா?" என்றார். நிஜமாகவே மனம் நொந்து கேட்டார் டீச்சர். நடிப்பு இல்லை.

ஆண்கள் டீ குடிக்கப் போனார்கள். அப்போதுதான் அந்தப் பிள்ளையின் அம்மா என் பக்கத்தில் வந்தார். இத்தனை வாய்தாவிலும் அவர் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. ஒரு மூலையில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். என்னைவிட வயசு குறைவாகத்தான் இருக்கும். தலை முழுக்க நரைத்துவிட்டது.

"ஏனுங்க, ஒண்ணு கேக்கோணுங்க" என்றார்.

"கேளுங்கம்மா."

"உங்கூட்டுல அவ எப்படிங்க இருந்தா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. பயந்துபோய் இருந்தாளா என்று கேட்கிறார் என்று நினைத்தேன். அது இல்லை. அவர் இன்னொரு முறை கேட்டார். "அந்தப் பையனோட இருக்கறப்ப எப்படிங்க இருந்தா? நான் பாத்ததே இல்லீங்க."

யாரிடமும் சொல்லாத ஒன்று எனக்கு ஞாபகம் வந்தது. போலீஸ் கேட்கவில்லை, வக்கீல் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை. அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் மழை விட்டதும் இரண்டு பேரும் தோப்புப் பக்கம் நடந்தார்கள். ஈர மட்டையை மிதித்து அந்தப் பையன் வழுக்கி விழுந்தான். சட்டையெல்லாம் சேறு. அவள் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பு. சமையலறையில் இருந்த நான் என்ன சத்தம் என்று வெளியே ஓடிவந்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, நிறுத்த முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். தூக்கிவிடப் போனவளும் அவன் மேலேயே விழுந்தாள். அதற்குள் நான் போன் செய்துவிட்டிருந்தேன். அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டேதான் மாவு கரைத்தேன்.

அதை அந்த அம்மாவிடம் சொன்னேன். போன் செய்துவிட்டிருந்தேன் என்பதையும் சேர்த்துத்தான் சொன்னேன். அவர் அழவில்லை. "எங்கூட்டுல அவ அப்படிச் சிரிச்சதில்லீங்க" என்றார். பிறகு, "இன்னொருக்காச் சொல்லுங்க" என்றார்.

இன்னொரு முறை சொன்னேன். மட்டையிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன்.

அதற்குள் டீக்கடைப் பக்கமிருந்து அவர்கள் வரும் சத்தம் கேட்டது. அந்த அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்து போனார். புருசன் பக்கத்தில் உட்கார்ந்து, பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகி அவரிடம் நீட்டினார்.

கௌசல்யா